புது ஆறும் ஒரு வெள்ளைப் பூவும்

டி.டி.டி.யை எங்கள் பக்கத்தில் மறந்தவர் கிடையாது. சுவரெல்லாம் வெள்ளைத் திட்டாக மருந்தை அடித்து, நிலைப்படிக்குப் பக்கத்தில் தேதியைக் குறித்துவிட்டுப் போன மலேரியாக்காரர்களைப் பற்றி அறுபது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மலேரியாக்காரர்களில் நானும் ஒருவன். பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்து, தஞ்சாவூர் மாவட்டத்திலேயே களப்பணியாளனாகச் சேர்ந்து, சுகாதார ஆய்வாளனாக ஓய்வு பெற்றவன். டி.டி.டி. வருவதற்கு முன்பே எங்கள் தாலுகாவில் கொசுவை வீட்டுக்குள் தேடிப் போய் அடித்தார்கள். அப்போது அடித்தது ஒரு பூவின் சாரம். இது எங்கள் ஊர்க்காரர்களுக்கே இன்று தெரியவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

பூவின் பெயர் பைரெத்ரம். சூரியகாந்திக் குடும்பத்தில் டனாசெட்டம் என்றொரு பேரினம் இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் அடங்கும். பைரெத்ரத்தை முன்பு சாமந்தியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பிற்பாடு தாவரவியலாளர்கள் பிரித்து இந்தப் பேரினத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொடைக்கானல் மலையில் ஒரு தோட்டத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முழங்கால் உயரச் செடி. கேரட் இலையைப் போலக் கிழிந்து கிழிந்து, சாம்பல் பூத்த பச்சையில் இலை. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் வெள்ளை இதழ். வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தேனீ வருகிறது, உட்காருகிறது, பறந்து போகிறது. மருந்து இருப்பது இதழில் இல்லை. நடுக் குமிழுக்குள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் சின்னஞ்சிறு விதைகளின் எண்ணெய்ச் சுரப்பிகளில். பூவைக் காயவைத்துப் பொடித்தால்தான் அது வெளியே வருகிறது. நன்றாகக் காய்ந்த பூவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு மருந்து கிடைத்தால் நல்ல விளைச்சல் என்பார்கள்.

இந்தப் பூ பட்டுக்கோட்டைக்கு வந்ததற்குக் காரணம் தண்ணீர்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாய் தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று இறங்கி வந்தது. கல்லணைக் கால்வாய் என்பது அரசாங்கப் பெயர். எங்களுக்கு அது இன்றைக்கும் புது ஆறுதான். அதற்கு முன்னால் எங்கள் சீமை காவிரியைக் கண்ணால் பார்த்து ஏங்கிய சீமை. செம்மண் மேடு, வானம் பார்த்த பூமி. வரகும் கேழ்வரகும் கடலையும், மழை பெய்து ஏரி குளம் நிரம்பினால் கொஞ்சம் நெல்லும். கும்பகோணத்துப் பக்கம் பெண் கொடுத்துவிட்டால் நெல்லுச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்பட்ட ஊர்கள் இவை. அந்த மண்ணுக்கு ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து வரப்பைத் தொட்டபோது ஜனங்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க முடிகிறது.

தண்ணீருக்குப் பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. குளிர் தூக்கிப் போடும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு நெருப்பாகும், வேர்த்துக் கொட்டும், விட்டுவிடும். ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே நேரத்துக்கு வரும். முறைக்காய்ச்சல் என்றார்கள். குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் கட்டியாக நிற்கும். காலங்காலமாகத் தண்ணீர் பாய்ந்த பழைய டெல்டாவில் இந்த அளவுக்குக் காய்ச்சல் கிடையாது. புதிதாகத் தண்ணீர் கண்ட எங்கள் பக்கத்தில்தான் அது கூடாரம் போட்டது.

ஏன் என்பதைக் கண்டுபிடிக்க வந்தவர்களில் முக்கியமானவர் பால் ரஸ்ஸல். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் அமெரிக்க மருத்துவர். 1930களின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் மலேரியா ஆய்வு செய்தார். அவரோடு எம்.கே. மேனன், டி. ராமச்சந்திர ராவ், பொறியாளர் நைப், சீதாபதி ஆகியோர் சேர்ந்து உழைத்தார்கள். ராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் இந்தியாவின் அனாஃபிலஸ் கொசுக்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். பட்டுக்கோட்டைத் தாலுகாவில் இவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாய்க்கால், வயல், குழி என்று தண்ணீர் நிற்கும் இடங்களிலெல்லாம் கரண்டி விட்டு மொண்டு புழுவை எண்ணினார்கள். காய்ச்சலால் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு 1942இல் அச்சேறியது.

அவர்கள் சொன்னது அரசாங்கத்துக்கு இனிக்கிற சேதி அல்ல. குற்றவாளி நெல் வயல் மட்டும் இல்லை. நீர்ப்பாசனத்தைச் செய்த விதம்தான் பெரிய குற்றவாளி. மண் வெட்டிய குழிகளை மூடவில்லை. வாய்க்கால் கரை ஒழுகியது. மதகு சொட்டியது. வந்த தண்ணீர் வடிய வழியில்லை. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. வெயில் படும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஒழுகும் வாய்க்காலும் மூடாத குழியும் அதைத்தான் கொடுத்தன. நாற்று நட்ட புதிதில் வயலிலும் முட்டையிடும். பயிர் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் அங்கிருந்து போய்விடும். ‘குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா’ என்று ரஸ்ஸல் வெளிப்படையாகவே எழுதினார். அணை கட்டுகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துப் படிக்க வேண்டிய விஷயம் அது.

நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. மருந்து எது? அந்தக் காலத்து வழக்கம், கொசுவைப் புழுவாக இருக்கும்போதே கொல்வது. தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவது, பாரிஸ் பச்சை என்ற செம்பு பாஷாணப் பொடியைத் தூவுவது, வடிகால் வெட்டுவது. நகரத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ராணுவ முகாமுக்கும் அது சரி. பத்து வீடும் நூறு ஏக்கர் வயலுமாகச் சிதறிக் கிடக்கும் கிராமத்தில், எந்த வரப்போரத்தில் எந்தக் குழியில் புழு இருக்கிறது என்று யார் தேடுவது, அந்தச் செலவை யார் தாங்குவது? வயலை வாரத்தில் சில நாள் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் முறையையும் இதே குழு சோதித்துப் பார்த்தது. அதோடு இன்னொரு வழியையும் கையில் எடுத்தார்கள். இந்தக் கொசு ராத்திரி கடித்துவிட்டுப் பகலில் வீட்டுக்குள்ளும் மாட்டுக் கொட்டகையிலும் இருட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்படியானால் அதைத் தேடி வயலுக்குப் போவானேன்? வீட்டுக்குள்ளேயே போய் அடிக்கலாம்.

இந்த யோசனையைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது தென் ஆப்பிரிக்காவின் நேட்டால். 1930களின் தொடக்கத்தில் பார்க் ராஸ் என்ற சுகாதார அதிகாரி ஜூலு மக்களின் குடிசைகளுக்குள் பைரெத்ரத் தெளிப்பை அடிக்கச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். இந்தியாவில் டெல்லியில் கோவெல் முதலான மலேரியா ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கிராமத்தில், அதுவும் நெல் விளையும் கிராமத்தில் செல்லுமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவை ரஸ்ஸலும் நைப்பும் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1930களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள்.

அவர்கள் கையில் இருந்த சரக்கின் சரித்திரம் நீளமானது. சுருக்கமாகச் சொல்கிறேன். காக்கஸ் மலைப் பக்கத்தில் சிவப்புப் பூப் பூக்கும் ஒரு டனாசெட்டத்தின் பொடியைப் பேன், மூட்டைப்பூச்சிக்குத் தூவும் வழக்கம் இருந்தது. ஐரோப்பாவில் அதைப் பாரசீகப் பொடி என்று விற்றார்கள். வியன்னாவில் யோஹான் சாக்கெர்ல் என்ற வியாபாரி திபிலிசி வரை போய்ச் சரக்கெடுத்து, அதிலேயே பெரிய பணக்காரர் ஆனார். கீழைநாட்டு மசூதி பாணியில் அவர்கள் கட்டிய ஆலை இன்றும் வியன்னாவில் நிற்கிறது. பிறகு ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவின் வெள்ளைப் பூவுக்கு வீரியம் அதிகம் என்று தெரிந்து, சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. அங்கிருந்து போய்க் குடியேறியவர்கள் கலிஃபோர்னியாவிலும் அதைப் பயிரிட்டார்கள்.

ஜப்பானுக்குப் போனதைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கொசுவத்திச் சுருள் அங்கே பிறந்தது. வகாயாமா பகுதியில் ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த உவேயாமா எய்இச்சிரோ, 1886இல் அமெரிக்க வியாபாரி ஒருவரிடமிருந்து பைரெத்ரம் விதையைப் பெற்றார். பெற்றதைத் தன் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர் ஊராக விவசாயிகளிடம் பேசிப் பயிரிட வைத்தார். பொடியை நெருப்பில் தூவினால் புகையில் கொசு விழுகிறது. ஆனால் கோடையில் யார் தணல் சட்டியோடு உட்கார்ந்திருப்பது? சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுவத்தியைப் பார்த்து, 1890இல் பைரெத்ரப் பொடியில் குச்சி செய்தார். அது முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. நீளமாகச் செய்தால் ஒடிந்தது. சுருட்டி வைத்தால் என்ன என்று 1895இல் யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. சுருட்டுவதும் ஒடியாமல் காய வைப்பதும் கைவரப் பல வருஷம் பிடித்தது. 1902இல் சுருள் கடைக்கு வந்தது. இரண்டு சுருளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வைத்தால் இடமும் மிச்சம், ஒடிவதும் குறைவு. இன்றைக்கும் நாம் பெட்டியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜோடியைப் பிரிக்கிறோமே, அந்த ஜோடி அங்கே தொடங்கியது. ராத்திரி முழுக்க எரியும் சுருளை யோசித்த யூகியின் பெயரைச் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் உலகச் சந்தைக்கு வந்த பைரெத்ரத்தில் பெரும்பங்கு ஜப்பானுடையது.

பட்டுக்கோட்டையில் அடித்தது சுருள் அல்ல, தெளிப்பு. பூவின் சாரத்தைச் சீமெண்ணெயில் இறக்கி, பம்பு வைத்துப் பனித்துளியாக வீட்டுக்குள் அடிப்பது. அதைக் கண்ணால் பார்த்தவர் என் அப்பாயி. கல்யாணமாகி வந்த புதிது என்பார். “வாரத்துக்கு ஒருக்கா வருவாங்கடா. பானை சட்டிய மூடு, புள்ளையத் தூக்கிட்டு வாசலுக்கு வா ஆத்தான்னுவாங்க. உள்ள பூந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிட்டுக் கதவ சாத்திருவாங்க. மாட்டுக் கொட்டாயையும் உட மாட்டாங்க. சீமெண்ணெ நாத்தத்துல அன்னிக்குச் சோறே எறங்காது. ஆனா கூட்டுனா கொசுவா வரும்.” என்ன மருந்து என்று அப்பாயிக்குத் தெரியாது. சீமெண்ணெய் என்றே கடைசி வரை நம்பியிருந்தார்.

வாரத்துக்கு ஒருக்கா என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. அது குடித்த ரத்தத்தில் இருக்கும் கிருமி, கொசுவின் உடம்புக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர, நம் ஊர் வெப்பத்தில் பத்து பன்னிரண்டு நாளாகும். அதற்குள் அந்தக் கொசு ஒருமுறையாவது வீட்டுக்குள் மருந்தில் மாட்டினால் சங்கிலி அறுந்தது. ஊரில் உள்ள அத்தனை கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை. கிழக் கொசுவைக் கொன்றால் போதும். பைரெத்ரம் வெயில் பட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும், சுவரில் தங்காது. அதனால் வாரா வாரம் அடித்தே ஆக வேண்டும். பருவத்துக்குப் பருவம் அடித்து, முடிவுகளைப் பருவவாரியாக இந்திய மலேரியா நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். காய்ச்சல் குறைந்தது. ஏழை கிராமத்துக்கும் கட்டுப்படியாகும் செலவில் குறைந்தது. அஸ்ஸாமில் டாக்டர் டி.கே. விஸ்வநாதன் இதே முறையைக் கையாண்டு வெற்றி கண்டார்.

அந்த நேரத்தில் யுத்தம் முற்றியது. 1941 டிசம்பரோடு ஜப்பான் சரக்கு நின்றது. பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் குண்டுக்குச் செத்ததைவிடக் காய்ச்சலில் படுத்த சிப்பாய்கள் அதிகம். ராணுவத்துக்குப் பைரெத்ரம் வெடிமருந்துக்கு அடுத்த அவசியம் ஆனது. ஆப்பிரிக்காவில் கென்யாவின் மலைப்பகுதியில் 1920களின் கடைசியிலேயே இந்தப் பயிர் வேர் பிடித்திருந்தது. நேச நாடுகளின் தேவையை அதுதான் தாங்கியது. இந்தியாவிலும் காஷ்மீர், நீலகிரி, பழனிமலை என்று குளிர்ந்த இடமாகத் தேடிப் பயிரிட்டார்கள். மலையைத் தேடியதற்குக் காரணம் உண்டு. சில வாரம் நல்ல குளிர் படாவிட்டால் இந்தச் செடி பச்சைப் பசேலென்று வளருமே தவிர மொட்டு விடாது. பட்டுக்கோட்டை வெயிலில் இதை எத்தனை ஆசையாக நட்டாலும் இலையைத்தான் பார்க்கலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் பூத்தது.

அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. பைரெத்ரத்தோடு எந்த எண்ணெயைக் கலந்தால் வீரியம் கூடும் என்று அமெரிக்காவில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர்கள், 1940 வாக்கில் நல்லெண்ணெயில் வந்து நின்றார்கள். நல்லெண்ணெய் தனியாகக் கொசுவைக் கொல்லாது. ஆனால் பைரெத்ரத்தை முறித்துப் போடும் சக்தி பூச்சியின் உடம்பில் இருக்கிறதே, அதைக் கட்டிப் போடுகிறது. கொஞ்சம் மருந்தே நிறைய வேலை செய்கிறது. பைரெத்ரம், நல்லெண்ணெய், அழுத்தத்தில் அடைத்த ஒரு வாயு மூன்றையும் இரும்புக் குடுவைக்குள் வைத்து, அமெரிக்க விவசாயத் துறையின் குட்ஹியூவும் சல்லிவனும் ‘கொசு குண்டு’ ஒன்றைச் செய்தார்கள். திருகைத் திறந்தால் புகையாகச் சீறும். யுத்தம் முடிவதற்குள் நாலு கோடிக்கு மேல் செய்து சிப்பாய்களின் கையில் கொடுத்தார்கள். இன்று கடையில் வாங்கும் எல்லா ஸ்ப்ரே டப்பாவுக்கும் மூத்தது அதுதான்.

பூவை ஓரம் கட்டியது டி.டி.டி. பால் முல்லர் 1939இல் அதன் பூச்சிக்கொல்லும் குணத்தைக் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசு பெற்றார். பைரெத்ரத்தை வாரா வாரம் அடிக்க வேண்டும், டி.டி.டி.யை ஒருமுறை சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் நிற்கும். விலையும் மலிவு. போட்டியே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போவது, பானையை மூடச் சொல்வது, கொட்டகையையும் விடாமல் அடிப்பது, ஊர் முழுக்க ஒரே சுற்றில் முடிப்பது, அடித்த தேதியை எழுதி வைப்பது என்று டி.டி.டி. குழுக்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் அடிப்படை, வளர்ந்த கொசுவை அது தங்கும் இடத்திலேயே கொல்லலாம் என்று பைரெத்ரம் நிரூபித்த உண்மை. அஸ்ஸாமில் பூவைக் கையாண்ட அதே விஸ்வநாதன்தான் யுத்தம் முடிந்ததும் பம்பாய் மாகாணத்தின் கன்னடப் பகுதிகளில் டி.டி.டி.யைக் கிராம அளவில் கொண்டுபோனவர். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1965இல் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கு பூவுக்குச் சேர வேண்டும். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

இறங்கியது ஏறவும் செய்தது. கொசு டி.டி.டி.க்குப் பழகிவிட்டது, மேலே இருந்தவர்கள் வென்றுவிட்டோம் என்று கையை எடுத்தார்கள், 1976இல் நாடு முழுக்க 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல். நான் வேலைக்கு வந்தது அந்தக் கட்டத்தில்தான். அப்போதும் பைரெத்ரம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. கொல்லும் மருந்தாக இல்லாமல் கொசுவைக் கணக்கெடுக்கும் கருவியாக அது இருந்தது.

அந்த வேலையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடிந்தும் விடியாத நேரம் கிராமத்துக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கொசு வெளியேறிவிடும். ராத்திரி ஆட்கள் படுத்திருந்த அறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். தண்ணீர்க் குடம், சோற்றுப் பானை, தொட்டில் குழந்தை எல்லாம் வெளியே. கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் வெள்ளைத் துணி விரிப்போம். பெட்டிக்கு அடியிலும் துணி போக வேண்டும். சன்னலைச் சாத்தி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் சாக்கைச் செருகுவோம். ஒருவர் வெளியே நின்று இறவாணத்தைச் சுற்றி அடிப்பார், தப்பி ஓடும் கொசுவுக்காக. இன்னொருவர் உள்ளே நாலு மூலையும் அடித்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்து கதவைச் சாத்துவார். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் வீட்டுக்காரப் பாட்டி யாராவது, எதற்கு இது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்காமல் துணி விரிக்கிறீர்களே என்று கேட்டுக்கொண்டிருப்பார். பதில் சொல்லிக்கொண்டிருப்போம். கதவைத் திறந்ததும் வாசல் பக்கத்திலிருந்து தொடங்கி, துணியின் நாலு முனையையும் ஒன்றாகக் கூட்டித் தூக்கி, வெளிச்சத்தில் கொண்டுபோய் விரிப்போம்.

அந்தத் துணியில் கிடப்பதுதான் அந்த வீட்டின் ராத்திரி. ஈரத் தாள் போட்ட கண்ணாடித் தட்டில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து லென்ஸில் பார்ப்போம். வயிறு பளிச்சென்று சிவந்திருந்தால் ராத்திரி குடித்தது. கறுத்துப் பாதி வெளுத்திருந்தால் நேற்றையது. வெள்ளையாக உப்பியிருந்தால் முட்டையிடக் காத்திருப்பது. பெரும்பாலும் சாக்கடைக் கொசு, கியூலெக்ஸ். நடுவில் சிறியதாக, பழுப்பாக, காலில் பட்டை இல்லாமல் ஒரு குலிசிஃபேசிஸ் கிடந்தால் எல்லாரும் குனிந்துவிடுவோம். அந்தத் தெருவில் அன்றே ரத்தம் எடுக்கத் தொடங்குவோம். பைரெத்ரத்தைப் போலச் சட்டென்று கொசுவை விழத்தட்டும் மருந்து கிடைப்பது அபூர்வம். நரம்பில் போய்ப் பிடிக்கிறது. பறந்துகொண்டிருப்பது பறந்த இடத்திலேயே விழுகிறது. வேறு மருந்தாக இருந்தால் கொசு போய் எங்கேயோ சந்தில் ஒளிந்து சாகும், கணக்கு தப்பும்.

பிற்காலத்தில் சிக்குன்குனியாவும் டெங்குவும் வந்தபோது மறுபடியும் இதே சரக்கு வண்டியில் ஏறியது. 2 சதவீதப் பைரெத்ரச் சாரம் ஒரு பங்கு, சீமெண்ணெய் 19 பங்கு; நோயாளியின் வீட்டுக்குள்ளும் சுற்று வட்டாரத்து வீடுகளிலும் அடிக்க வேண்டும். அப்பாயி சொன்ன அதே நாற்றம், அதே புஸ்ஸு.

சுருளுக்குள் இருந்த பூ மட்டும் போய்விட்டது. பைரெத்ரத்தின் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று ஸ்டாடிங்கரும் ருசிக்காவும் 1924இல் எழுதினார்கள். அதைப் பார்த்து 1949இல் அலெத்ரின் என்ற செயற்கைச் சரக்கைச் செய்தார்கள். 1973இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் மைக்கேல் எலியட், வெயிலுக்கும் சிதையாத பெர்மெத்ரினைச் செய்தார். கொசுவத்தி, மின்சாரத்தில் மாட்டும் திரவம், மருந்து தோய்த்த கொசுவலை எல்லாவற்றிலும் இப்போது இருப்பவை இந்தப் பூவைப் பார்த்து ஆலையில் செய்த பிள்ளைகள். வலைகளால் ஆப்பிரிக்காவில் காப்பாற்றப்பட்ட குழந்தைகளை நினைத்தால் இந்த வேதியியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொசு இவற்றுக்கும் பழகிக்கொண்டு வருகிறது என்பது வேறு கவலை.

பூவை நம்பிய விவசாயிகளின் கதை சோகமானது. கென்யாவில் முதலில் வெள்ளைக்காரர்களின் பண்ணைகளில் இருந்த பயிர், பிறகு சிறு விவசாயிகளின் அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கு வந்தது. பெண்கள் குனிந்து விரலிடுக்கில் பூவை மட்டும் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். காம்பு வந்தால் விலை குறையும். உலகத் தேவையில் பெரும்பங்கைப் பல காலம் அவர்கள் கை கொடுத்தது. பூக் கொடுத்ததற்குப் பணம் ஒழுங்காக வராமல் போனபோது செடியைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். இப்போது முன்னால் நிற்பது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. அங்கே இயந்திரம் அறுக்கிறது.

ஜப்பானில் ஒனோமிச்சி பக்கத்துத் தீவில் இந்தப் பூவின் பெயரால் ஒரு சிறு கோயிலே இருக்கிறது. எங்கள் தாலுகாவில் ஒரு பலகைகூட இல்லை. பம்பைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் உள்ளூர் ஆட்கள். சஞ்சிகையில் அவர்கள் பெயர் வராது. அவர்களுடைய பேரன் பேத்திகள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தாத்தாவோ பூட்டனோ யுத்தத்துக்கு முன்னால் ‘கொசு மருந்து அடிக்கிற வேலை’ பார்த்ததாகப் பேச்சு உண்டென்றால், அந்த வேலையில் வாங்கிய சீட்டோ சம்பளத் துண்டோ பழைய பெட்டியில் கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர், யார் யார் போனார்கள், எத்தனை வருஷம் அடித்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதன் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள்.